களத்துமேடு முதல் கிணற்றடி வரை: வன்னியில் வேலையிடத்துக் கடும் காயங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் அணியொன்றில் பல ஆண்டுகள் முதலுதவியாளராக இருந்தேன். இப்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கமக்காரர் அமைப்புகள் கூப்பிடும் ஊர்களுக்குப் போய் முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் பொதுநோக்கு மண்டபம். சில வேளை குளக்கட்டு மருதமர நிழல். பாடம் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், கேள்விகள் முடிவதில்லை. ஒரே கேள்வி ஊர் ஊராகத் திரும்பி வருவதால் பதில்களை எழுதி வைக்கிறேன்.

விபத்து தலையில் எழுதினபடிதானே நடக்கும்? கவனமாக இருந்தால் போதாதா?

இதை அநேகமாக வயதான ஒருவர் எழுந்து நின்று கேட்பார், கூட்டம் தலையாட்டும். பத்திரிகைச் செய்தியும் அதே பாட்டுத்தான்: "கவனயீனத்தால் கையை இழந்தார்." எனக்கு இந்தச் சொல்லில் நம்பிக்கை போய் நீண்ட காலமாகிறது. நான் கட்டுப்போட்ட கைகளில் புதியவர்களின் கைகள் குறைவு. இருபது வருடம் அதே மெசினோடு நின்றவர்களின் கைகளே அதிகம். மெசினை நன்றாகத் தெரிந்தவர் என்பதால்தான் பார்க்காமலே கையை விட்டார்.

ஆறுதலாக உட்கார்ந்து விசாரித்தால் கதை இப்படிப் போகும். வெட்டிய உழுந்து களத்தில் கிடக்கிறது, மழை இருட்டிக்கொண்டு வருகிறது. சூடடிக்கும் மெசின் வாடகைக்கு வந்தது, அடுத்த களத்துக்காரர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். கொடி சிக்கி மெசின் திணறுகிறது. பெல்டை மூடியிருந்த தகட்டைப் போன வருடமே யாரோ கழற்றிவிட்டார்கள். நிறுத்தித் திரும்ப இயக்கினால் பத்து நிமிடம் போய்விடும். கையை விடுகிறார்.

இந்தக் கதையில் கடைசி வரியை மட்டும் கவனயீனம் என்கிறோம். மற்றவை அன்று காலையிலேயே ஆயத்தமாக இருந்தன. தகடு போன வருடமே ஆயத்தம். நாளைக்குக் கவனமாக இரு என்று ஒருவருக்குப் புத்தி சொல்வதைவிட அந்தத் தகட்டைத் தேடி எடுத்துப் பூட்டுவது சுலபம். ஆனால் புத்தி சொல்லச் செலவில்லை, தகட்டுக்கு இரண்டு போல்ட் வேண்டும்.

சுழலும் தண்டில் சாரம் (லுங்கி) பிடிபட்டால் உதறிக்கொண்டு வந்துவிட முடியாதா?

முடியாது. கணக்கைப் பாருங்கள். பெரிய உழவு இயந்திரத்தின் பின்பக்கம் சூடடிக்கும் மெசினுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 தடவை சுற்றும். அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. 7 சென்ரிமீற்றர் தடிப்புள்ள தண்டு ஒரு சுற்றில் 22 சென்ரிமீற்றர் துணியைச் சுருட்டும். ஒரு விநாடியில் 2 மீற்றர். உங்கள் இடுப்பில் இருக்கும் சாரமே அவ்வளவு நீளந்தான். "ஐயோ" என்று மூளைக்குத் தெரிய வர ஏறத்தாழ கால் விநாடி ஆகும். அதற்குள் அரை மீற்றர் துணி போய்விட்டது. உதறுவதற்கு மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

சாரத்தை மடித்துக் கட்டினால் இன்னும் மோசம். முடிச்சுத் தடித்து அவிழாது. சேலைத் தலைப்பு, பின்னல், கழுத்தில் போட்ட துவாய், கையில் கட்டிய கோயில் நூல், எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்ரிக் உறை வரும். பலர் அதைப் புது மெசினோடு வந்த பொதி உறைபோல உரித்தெறிந்துவிடுகிறார்கள். துணியும் தண்டும் சந்திக்காமல் இருக்க அங்கே இருப்பது அது ஒன்றுதான்.

களத்துக்கு வருபவர்களிடம் காற்சட்டை போட்டு வாருங்கள் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். தமிழ்நாட்டில் சாரம் என்றால் கட்டடத்துக்குக் கட்டும் மரச்சட்டமாம். அதுவும் ஆள் விழுத்துவதுதான்.

மூடியைக் கழற்றாமல் அடைப்பை எடுக்க முடியாது என்கிறார்களே?

உண்மை. அந்த மூடியைச் செய்தவர்கள் வைக்கோலையும் உழுந்துக் கொடியையும் பார்த்திருக்க மாட்டார்கள். நான்கு போல்ட் கழற்றி, அடைப்பெடுத்து, மீண்டும் நான்கு போல்ட் பூட்டுவது என்றால் நாளுக்குப் பத்துத் தடவை யாரும் செய்யப் போவதில்லை. மூன்றாம் தடவை இரண்டு போல்ட் பூட்டுவார்கள், ஆறாம் தடவை மூடி வரம்பில் கிடக்கும், அடுத்த போகத்தில் அது கோழிக்கூட்டுக் கதவாகிவிடும். கோழிக்கூட்டில் அப்படி ஒன்றை நான் கண்ணால் கண்டேன்.

இதற்கு ஒட்டுப்பட்டறையில் பதில் இருக்கிறது. மூடியின் ஒரு பக்கம் பிணைச்சல் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். மறுபக்கம் ஒரே ஒரு போல்ட். கழற்றாமல் திறந்து மூடலாம். ஆனால் திறப்பதற்கு முன் என்ஜினை நிறுத்தவேண்டும். நிறுத்திய பிறகும் பாரச்சில்லு சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றதை நம்பாமல், சில்லு நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு கையை விடுங்கள். நெல் வெட்டும் மெசினின் வாய்க்கும் இதேதான். சாவியைக் கழற்றி, அடைப்பெடுப்பவர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். உள்ளே ஒருவர் கையை விட்டிருக்கும்போது மேலே இருப்பவர் மெசினை இயக்கிய கதைகள் ஊருக்கு ஒன்று இருக்கும்.

லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம்) சிறியதுதானே, அது புரண்டு ஆள் சாவது எப்படி?

குளக்கட்டில் இருந்து இறங்கும்போது பாருங்கள். சமதரையில் இடது கிளட்ச்சைப் பிடித்தால் மெசின் இடப்பக்கம் திரும்பும். இடது சில்லுக்கு இழுவை நின்று வலது சில்லு தள்ளுவதால். இறக்கத்தில் மெசினைத் தள்ளுவது அதன் சொந்தப் பாரம். அப்போது இடது கிளட்ச்சைப் பிடித்தால் இடது சில்லு கட்டற்று ஓடும், வலது சில்லை என்ஜின் தடுத்துப் பிடிக்கும், மெசின் வலப்பக்கம் திரும்பும். ஓட்டுபவர் பயந்து இன்னும் இறுக்கிப் பிடிப்பார், அது இன்னும் திரும்பும். பின்னால் பெட்டி நிறைய நெல்மூட்டை. இறக்கத்தில் கிளட்ச்சைத் தொடாமல், சிறிய கியரில், கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்பவேண்டும். கூட்டத்தில் இதைச் சொல்லும்போது பழைய ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லோரும் ஒரு தடவை பட்டுத் தெளிந்தவர்கள்.

பெரிய உழவு இயந்திரத்தின் கதை வேறு. சேற்றில் புதைந்தால் பின்சில்லுகளில் குறுக்காக மரக்கட்டை கட்டி ஏற்றப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். சில்லு சுற்ற இடமில்லாமல் இறுகிவிட்டால் என்ஜினின் முறுக்கு எங்கே போகும்? சில்லைச் சுற்ற முடியாதபோது அச்சைச் சுற்றி மெசினின் உடம்பே சுற்றும். முன்பக்கம் எழும்பி ஓட்டுபவரின் மேல் மல்லாக்காக விழும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றரை விநாடிக்கும் குறைவு. பெட்டியைக் கழற்றுங்கள், மண்ணை வெட்டுங்கள், பின்னோக்கி எடுத்துப் பாருங்கள், அல்லது இன்னொரு மெசினால் தாழ்வான கொக்கியில் சங்கிலி போட்டு இழுங்கள். அச்சுக்கு மேலே எந்த இடத்திலும் சங்கிலி கட்டவேண்டாம். மட்காட்டில் பிள்ளைகளை ஏற்றுவதைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது, நிறுத்துங்கள்.

கிணற்றுக்குள் இறங்கியவர் ஏன் மயங்கி விழுகிறார்? விஷவாயு எங்கிருந்து வருகிறது?

அதிக நேரம் கொடுப்பது இந்தக் கேள்விக்குத்தான். ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு மூன்று பேரைக் கொண்டுபோகக்கூடிய விபத்து இது.

ஆடி, ஆவணியில் கிணற்று நீர் கீழே போய்விடும். மேலே வைத்த நீரிறைக்கும் மெசின் இழுக்காது. மெசினில் பழுதில்லை. நீரை மெசின் இழுப்பதுபோலத் தோன்றினாலும், வெளிக்காற்றின் அழுத்தம்தான் அதைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. அந்த அழுத்தம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெசினுக்கும் 10 மீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரத்துக்கு மேல் தள்ளாது. குழாயின் உராய்வும் காற்றுக் கசிவும் போக, நடைமுறையில் 7 மீற்றர், ஏறத்தாழ 23 அடி. அதற்குக் கீழே நீர் போய்விட்டால் நாங்கள் என்ன செய்கிறோம்? மெசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, உள்படியில் வைத்து இயக்குகிறோம்.

பெற்றோலோ மண்ணெண்ணெயோ, எரியும்போது வரும் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பாரமும் கிட்டத்தட்டக் காற்றின் பாரந்தான். வாய் குறுகிய கிணற்றுக்குள் காற்று அசையாது. வாயு அங்கேயே நிற்கும். இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டவேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கும் மேலான பிடியோடு ஒட்டிக்கொள்ளும். இறங்கியவருக்கு முதலில் தலை இடிக்கும், பிறகு கால் சோரும். அவர் ஏறத் தொடங்குவார். ஏறுவது பாரமான வேலை. தசைகள் ஒட்சிசன் கேட்கும், இரத்தத்தில் கொடுக்க இல்லை. பாதிப் படியில் கை விட்டுவிடும். மேலே நிற்பவர்களுக்கு அவர் வழுக்கி விழுந்ததுபோலத் தெரியும். தம்பி இறங்குவார், அவரும் விழுவார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்.

"விளக்கு இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை" என்று சொல்வார்கள். விளக்கு அணைந்தால் ஒட்சிசன் போதாது என்று பொருள். அப்போது கட்டாயம் இறங்கக்கூடாது. ஆனால் அணையாவிட்டால் காபன் மொனொக்சைட் இல்லை என்று ஆகாது. ஆளைக் கொல்லும் அளவு வாயு இருக்கும்போதும் விளக்கு அழகாக எரியும். வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி இறக்கி ஏற்றிக் காற்றைக் கலக்கும் பழைய வழக்கம் கொஞ்சம் உதவும். அதை நம்பி உயிரை வைக்க முடியாது. வெடி வைத்துக் கல் உடைத்த கிணற்றிலும் வெடிப்புகை இப்படித்தான் தங்கி நிற்கும்.

எரிபொருளில் ஓடும் எந்த மெசினையும் கிணற்றுக்குள் இறக்கவேண்டாம். நீருக்குள் இறக்கும் மின்மோட்டார் நீரைக் கீழே இருந்து தள்ளுவதால் 23 அடிக் கணக்கு அதற்கு இல்லை, புகையும் இல்லை. சேறு அள்ள இறங்குபவரின் அக்குளுக்குக் கீழே, மார்பைச் சுற்றிக் கயிறு கட்டியே இறக்குங்கள். மறுநுனியை மேலே இரண்டு பேர் பிடிக்கட்டும். அப்போது ஆள் விழுந்தால் இழுத்தெடுக்கலாம், இறங்கத் தேவையில்லை. கயிறு கட்டாமல் இறங்கியவர் விழுந்துவிட்டால்? மெசின் ஓடிக்கொண்டிருந்தால் மேலிருந்தே நிறுத்தப் பாருங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள், 1990 இலவச அம்புலன்சுக்குச் சொல்லுங்கள். இறங்காதீர்கள். கிணற்றுக்கட்டில் நின்று இதைக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை இறங்க ஓடிய தகப்பனை நான்கு பேராகப் பிடித்து வைத்திருந்தோம். அவர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. உயிரோடு இருக்கிறார்.

எடுத்தவருக்கு ஒட்சிசன் உடனே வேண்டும். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும். முகமூடியில் முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பாதியாகும். எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கிரைண்டர் தட்டு வெடிக்குமா?

வெடிக்கும். தட்டின் முகத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும், வாசியுங்கள். 4 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 15,000 சுற்றுவரை தாங்கும். 7 அங்குலத் தட்டு 8,500 வரைதான். 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 அளவில் சுற்றும். முதிரை மரத்தையோ தடித்த இரும்பையோ ஆழமாக வெட்டவேண்டும் என்று காப்பைக் கழற்றிவிட்டுச் சின்னக் கிரைண்டரில் பெரிய தட்டைப் பூட்டுவதைத் தச்சுப் பட்டறைகளில் பார்க்கலாம். காப்பைக் கழற்றினால்தான் பெரிய தட்டு ஏறும். அதாவது தட்டு உடையப்போகும் நேரத்தில் அதைத் தடுக்க இருந்த ஒரே தகடும் அங்கே இருக்காது. துண்டு போகும் இடம் கண், கழுத்து, தொடை.

நனைந்த தட்டு, கீழே விழுந்த தட்டு, அச்சிட்ட காலம் முடிந்த தட்டு மூன்றையும் எறிந்துவிடுங்கள். ஒரு தட்டின் விலை ஒரு தேநீரும் இரண்டு ரோல்ஸும்.

காட்டுப்பன்றிக்கு மின்கம்பி கட்டுவது தவறா?

வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதில் பன்றியைவிட விடியற்காலை தண்ணீர் மாற வயலுக்குப் போகும் அயலவர் விழுவது சுலபம். சில வேளை கட்டியவரே மறந்துபோய் மிதிப்பார். யானை வேலிக்குப் பயன்படும் கருவி விட்டு விட்டு ஒரு கணம் மட்டும் அதிரும், அது வேறு. வீட்டுக் கம்பி பிடித்தவரை விடாது. பட்டறையிலும் கிணற்றடி மோட்டாரிலும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சிறு பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது அலங்காரப் பொருள்.

கண்ணிவெடி அகற்றுவதுதானே வன்னியில் மிகவும் ஆபத்தான வேலை? அங்கே எத்தனை பேர் கால் இழந்தார்கள்?

விபத்துகள் நடந்திருக்கின்றன, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் இருந்த அணியில் இருந்த ஆண்டுகளில் எடுத்துப் பார்த்தால், வெடியில் காயப்பட்டவர்களைவிட விடுமுறையில் வீட்டுக்குப் போய் மோட்டார் சைக்கிளில் விழுந்து வந்தவர்களுக்கே நான் அதிகம் கட்டுப் போட்டேன்.

2002 போர்நிறுத்தத்தோடு தொடங்கிய வேலை, 2009 க்குப் பிறகு பெருகியது. ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் என்று அமைப்புகளும் இராணுவமும் செய்தன. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2028 க்குள் முடிக்கவேண்டும் என்று கெடு. இந்த வேலைக்கு வந்தவர்கள் யார்? நம் ஊர்ப் பெண்கள், கணவனை இழந்தவர்கள், சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்ட பிள்ளைகள். வேறு ஆட்கள் இல்லை. வயலில் மூடி கழற்றிய மெசினில் நிற்பவரின் தங்கைதான் முகமாலையில் முழந்தாளிட்டு ஜொனி மிதிவெடியைப் பக்கவாட்டில் இருந்து மண் சுரண்டி எடுத்தவர்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையில் எது வேறு? தங்கைக்கு முகக்கவசம் இல்லாமல் வெடி நிலத்தைக் குறித்த கோட்டுக்குள் கால் வைக்க அனுமதியில்லை. குறித்த நேரத்துக்கு ஒரு தடவை கட்டாய ஓய்வு. "எனக்குக் களைப்பில்லை" என்று சொன்னாலும் ஓய்வு. இன்றைக்கு இத்தனை சதுர மீற்றர் முடிக்காவிட்டால் கூலி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. முதலுதவியாளரும் வாகனமும் இடத்தில் இல்லாவிட்டால் வேலை தொடங்காது. நான் வயிற்றுவலியோடு படுத்த ஒரு நாள் முழு அணியும் மரத்தடியில் இருந்தது. ஏதோ பிழையாகப் படுகிறது என்றால் நேற்றுச் சேர்ந்த பிள்ளையும் விசில் ஊதலாம், எல்லோரும் நிற்பார்கள், ஏன் ஊதினாய் என்று யாரும் முறைப்பதில்லை. களத்தில் கூலிக்கு நிற்கும் பொடியன் "மெசினை நிறுத்துங்கள்" என்றால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பழைய இரும்பு சேர்ப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு இன்னும் பயம். துருப்பிடித்த குண்டு செத்த குண்டு என்று எண்ணவேண்டாம். குப்பை எரித்த இடத்திலும் வெடித்திருக்கிறது. கண்டால் தொடாமல், தூரத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, பொலிஸ் 119 இற்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஆள், பிறகு விரல். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள். இடையில் தூக்கிப் பார்க்காதீர்கள். பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உறைந்த இரத்தம் பிய்ந்து வரும். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வையுங்கள். கோப்பித்தூள், சீனி, மஞ்சள், கிரீஸ், சுருட்டுச் சாம்பல் ஒன்றும் வேண்டாம். காயத்தைத் தைக்க வரும் வைத்தியர் முதல் அரை மணித்தியாலம் கோப்பி கழுவிக்கொண்டிருக்கக் கூடாது. கையோ காலோ முழுதாக நசிந்து, அழுத்தியும் இரத்தம் பீறிட்டால் மட்டும் காயத்துக்கு நான்கு விரல் மேலே அகலமான துணியைக் கட்டித் தடியால் முறுக்குங்கள். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ எழுதுங்கள். நூல், கம்பி, மெல்லிய கயிறு கட்டவேண்டாம், அறுத்துவிடும்.

இனி விரல். கூட்டத்தில் இதை ஒரு கரட் துண்டை வைத்துக் காட்டுவேன். மண் இருந்தால் சுத்தமான நீரில் லேசாக அலசுங்கள், தேய்க்கவேண்டாம். ஈரத்துணியில் சுற்றுங்கள். பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸ் போட்ட நீருள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். ஐஸ் கட்டி விரலை நேரே தொடக்கூடாது. கடைக் குளிர்ப்பெட்டியில் ஐஸ் பைக்கற் இருக்கும், பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். ஒருவர் தன் பெருவிரலை உப்பு நிறைந்த பால்மாப் பேணிக்குள் புதைத்துக் கொண்டுவந்தார். கருவாட்டுக்கு நல்ல முறை. விரலை ஒட்ட முடியவில்லை.

குளிராக வைத்த விரலுக்கு அரை நாள்வரை வாய்ப்பு உண்டு. முழங்கையோடு போனால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் நம்பிக்கை குறைவு. தசை அதிகம் என்பதால். கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் சுமார் 65 கிலோமீற்றர். நேரம் காணும், வீட்டில் சாத்திரி கூப்பிட்டு வீணாக்காவிட்டால். ஒட்ட முடியாமல் போனவர்களும் கால் இழந்தவர்களும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தைக் கேளுங்கள். 1987 முதல் செயற்கை அவயவம் செய்துகொடுக்கிறார்கள்.

பனையில் இருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்கலாமா?

வேண்டாம். தண்ணீர் பருக்கவும் வேண்டாம். கால் அசைகிறதா என்று கேளுங்கள், தலையை இரு கையாலும் அசையாமல் பிடியுங்கள், அம்புலன்ஸ் வரட்டும். அதுவரை காத்திருக்க முடியாத காட்டுப்பக்கம் என்றால் கதவுப் பலகையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் உருட்டி ஏற்றுங்கள். முறிந்த முள்ளந்தண்டை நிமிர்த்தி முச்சக்கர வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோனவர்களால்தான் சில கால்கள் நிரந்தரமாக நின்றுபோயின.

பாம்புக்கடியும் எலிக்காய்ச்சலும் வேலைக் காயமா?

வயலில் வேலை செய்யும்போது வந்தால் எனக்கு அது வேலைக் காயந்தான். புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்) கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் கொண்டுபோங்கள். வைத்தியசாலையில் இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. "ஒன்றும் செய்யாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று வெளியே நின்று சண்டை பிடிக்காதீர்கள், அந்த 20 நிமிடம்தான் சோதனை. எலிக்காய்ச்சலுக்குச் சேற்றில் இறங்கும் காலத்தில் வாரம் ஒரு தடவை எடுக்கும் மாத்திரை உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

நான் நாட்கூலி. கடிதம் ஒன்றும் இல்லை. எனக்கு நட்டஈடு கிடைக்குமா?

கிடைக்கலாம். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கவில்லை. வாய்ப்பேச்சில் எடுத்த வேலையும் வேலைதான். அரிசி ஆலை, கல்லுடைக்கும் ஆலை, பட்டறை, கட்டட வேலை, பிறர் கமத்தில் கூலி, எதுவானாலும் வேலையால், வேலையின்போது வந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பு. இடையில் ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார் என்று சொல்லி வேலைக்குச் சொந்தக்காரர் எளிதில் கழன்றுகொள்ள முடியாது. 2022 திருத்தத்தோடு உச்சத்தொகை 550,000 ரூபாவில் இருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தும் உள்ளே வந்தது. எவ்வளவு என்பது உங்கள் சம்பளத்தையும் இழப்பின் வீதத்தையும் பொறுத்தது.

ஆகவே ஆதாரம் சேருங்கள். வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது "எப்படி நடந்தது" என்று கேட்பார்கள். "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லச் சொல்லி முதலாளி பக்கத்தில் நிற்பார், செலவெல்லாம் தான் பார்ப்பதாகச் சொல்வார். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரி நோய் நிர்ணய அட்டையில் ஏறிவிட்டால் பிறகு அழிக்க முடியாது. உண்மையைச் சொல்லுங்கள். பொலிஸ் முறைப்பாடு போடுங்கள், கூட நின்றவர்களின் பெயரை எழுதுங்கள், மெசினைத் தொலைபேசியில் படம் எடுங்கள்; மறுநாள் அதில் புது மூடி பூட்டியிருக்கும். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்டால் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்கும் வழியைச் சொல்வார்கள்.

தொழிற்சாலை என்றால் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. உயிரிழப்போ, மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாத காயமோ வந்தால் முதலாளி தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு உடனே எழுத்தில் அறிவிக்கவேண்டும். சுழலும் பாகங்களுக்கு மூடி போடவேண்டும் என்பதும் அதே சட்டம்.

என் கணவர் இறந்த பிறகு முதலாளி வந்து பணம் தந்து கையொப்பம் வாங்கிப்போனார். இனி ஒன்றும் கேட்க முடியாதா?

இந்தக் கேள்வியை ஒரு தாய் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து கேட்டார், கடதாசியின் பிரதியைச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். கேட்கலாம் அம்மா. இறப்புக்கான நட்டஈட்டை முதலாளி ஆணையாளரிடம்தான் வைப்பிலிடவேண்டும். நேரே கையில் கொடுத்ததை நட்டஈடு கொடுத்ததாகச் சட்டம் எடுப்பதில்லை. "இனி எதுவும் கோரமாட்டேன்" என்று எழுதி வாங்கிய கடதாசியும் செல்லாது. செத்தவீட்டுச் செலவுக்குத் தந்ததை மனிதத்தன்மை என்று வைத்துக்கொள்வோம். காலம் கடத்தாமல் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள், அந்தக் கடதாசியையும் கொண்டுபோங்கள்.

சொந்த வயலில் நானே மெசின் ஓட்டி நானே காயப்பட்டால்?

இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை. முதலாளியும் நீங்கள், தொழிலாளியும் நீங்கள். யார் யாரிடம் நட்டஈடு கேட்பது? வன்னியில் பெரும்பாலானவர்கள் இந்தக் கூட்டம் என்பதுதான் எனக்குத் தலையிடி.

அடுத்த கூட்டத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

கொப்பி பேனா வேண்டாம். உங்கள் மெசினில் இருந்து கழற்றி எங்காவது போட்ட மூடி இருந்தால் கொண்டுவாருங்கள். நெளிந்திருந்தாலும் பரவாயில்லை, கோழிக்கூட்டில் இருந்து கழற்றி வந்தாலும் பரவாயில்லை. 8, 10, 12 மில்லிமீற்றர் போல்ட்டும் நட்டும் நான் ஒரு பேணி நிறையக் கொண்டுவருகிறேன்.